இதயத்துக்கும் ஒரு மாற்று ஆள்!



வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்குக் கொஞ்ச நாளாக அடிக்கடி கிறுகிறுப்பு. ஈ.சி.ஜி. எடுத்ததில், சீட்டின் ஓரத்தில் 'ஜங்ஷனல் எஸ்கேப் ரிதம்' என்று அச்சாகி வந்திருக்கிறது. "எஸ்கேப் என்றால் தப்பித்து ஓடுவது என்றுதானே அர்த்தம்? அம்மாவின் இதயம் எங்கே ஓடப் பார்க்கிறது? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நன்றாகச் சாப்பிடுங்கள், அம்மா. இதயம் எங்கும் ஓடவில்லை. ஓர் ஆள் வேலைக்கு வராததால் இன்னோர் ஆள் வந்து நின்று சமாளிக்கிறார், அவ்வளவுதான். ஆனால் முதல் ஆள் ஏன் வரவில்லை என்று உடனே விசாரிக்க வேண்டும். இந்த இதழில் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

யார் அடுப்பு மூட்டுவது?

நம் இதயம் துடிப்பதற்கான மின்சாரம் வெளியே எங்கிருந்தும் வருவதில்லை. வலது மேல் அறையின் உச்சியில் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. 'சைனஸ் கணு' என்று பெயர். ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் 1907-ல் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். இங்கிருந்துதான் நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை 'துடி, துடி' என்று உத்தரவு போகிறது. அது மேல் அறைகளைக் கடந்து, நடுவில் இருக்கும் 'ஏ.வி. கணு' வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. இந்த நடுக் கணுவை விளக்கமாக எழுதியவர் சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய டாக்டர், 1906-ல்.

பெரிய கூட்டுக் குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவது மாமியார். அவர் எழுந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த வேலையே இல்லை. என்றைக்காவது மாமியார் எழவில்லை என்றால்? மூத்த மருமகள் கொஞ்சம் தாமதமாக எழுந்து, "இன்னும் அடுப்பு மூட்டலையா?" என்று தானே மூட்டிவிடுவாள். அவளும் ஊரில் இல்லை என்றால், ஏழு மணிக்குமேல் வரும் வேலைக்காரம்மாதான் மூட்ட வேண்டும். அன்றைக்குக் காபி எட்டு மணிக்குத்தான். ஆனாலும் வீட்டில் யாரும் பட்டினி இல்லை.

இதயத்திலும் இதே ஏற்பாடுதான். சைனஸ் கணு மாமியார். அது சோர்ந்தாலோ, அதன் உத்தரவு வழியில் நின்று போனாலோ, நடுக் கணுப் பகுதி நிமிஷத்துக்கு 40 முதல் 60 வரை துடிக்க வைக்கும். உங்கள் தாயாரின் சீட்டில் வந்திருக்கும் 'ஜங்ஷனல்' இதுதான். அதுவும் முடியாவிட்டால் கீழ் அறைகளே சொந்தமாக 20 முதல் 40 வரை துடிக்கும். கீழே இறங்க இறங்க ஆள் மெதுவானவர்; நம்பகமும் குறைவு. கடைசி ஆளை நம்பி நாள் கணக்கில் குடித்தனம் நடத்த முடியாது.

இதில் முக்கியமான ஒரு விஷயம். இந்த மாற்றுத் துடிப்பு நோய் அல்ல, காவல். முதல் ஆள் வராததுதான் நோய். அதனால் டாக்டர்கள் மாற்றுத் துடிப்பை மருந்து கொடுத்து அடக்க மாட்டார்கள். அதை அடக்கினால் இதயமே நின்று போகக்கூடும். முதல் ஆளை எழுப்பப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் நிரந்தரமாக வேறு ஆள் வைப்பார்கள்.

மெதுவான நாடி எல்லாமே வியாதியா?

இல்லவே இல்லை. தினமும் ஓடியாடிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு நாடி 50-க்குக் கீழேகூட இருக்கும். நன்றாகத் தூங்கும்போது யாருக்குமே குறையும். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் 55 இருந்தால் பதற வேண்டாம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது சொன்னால் போதும்.

மெதுவான நாடியுடன் கீழே சொல்வது எதுவாவது சேர்ந்தால்தான் கவலை. எழுந்து நின்றால் கண் இருட்டுவது, காரணம் தெரியாமல் மயங்கி விழுவது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சில் பாரம், எப்போதும் அசதி, பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை தடுமாறுவது. சிலருக்குக் கழுத்தில் 'குபுக் குபுக்' என்று அடிப்பது கண்ணாடியிலேயே தெரியும். மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் துடிக்கும்போது அப்படி வரும்.

நம் பெண்கள் இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. "பித்தம்", "ரத்தம் கம்மி", "வயசாச்சு" என்று மூன்று பதில் கைவசம் வைத்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழச் சாற்றோடு கதை முடிந்துவிடும். உண்மையிலேயே அது பித்தமா, நாடியா என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும்.

நாடி பார்க்கத் தெரியுமா?

ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், உங்களுடைய ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் மெதுவாக வையுங்கள். உங்கள் கட்டை விரலை வைக்காதீர்கள். அதில் ஓடும் உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவது தாறுமாறான நாடிக்கு உதவாது. வீட்டில் வைத்திருக்கும் பி.பி. மெஷின் நாடியையும் காட்டும். ஆனால் ஒழுங்கில்லாத நாடியில் அது தப்பாகக் காட்டலாம், விரல்தான் நம்பகம்.

எண்ணிக்கையோடு, ஒரே சீராக இருக்கிறதா, நடுநடுவே விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் கவனியுங்கள். பால் கணக்கு நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, நேரம், எண்ணிக்கை, அப்போது என்ன செய்தது என்று எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது கிறுகிறுப்பு நின்றுபோயிருக்கும், ஈ.சி.ஜி.யும் சரியாக வரும். அந்த நேரத்தில் உங்கள் நோட்டுத்தான் சாட்சி. அதைப் பார்த்துவிட்டு, 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பிலேயே மாட்டிக்கொண்டு துடிப்பைப் பதிவு செய்யும் 'ஹோல்ட்டர்' பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

என் மாமியாருக்கு வந்தது

அத்தைக்கு எழுபத்தொரு வயசு. பி.பி.க்கு இரண்டு மாத்திரை. ஒன்று அடினலால், நாடியை மட்டுப்படுத்தும். இன்னொன்று பொட்டாசியம் என்ற உப்பை உடம்பில் தங்க வைக்கும் ரகம். போன சித்திரை வெயிலில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. சாப்பாடு கஞ்சிதான். ஆனால் மாத்திரை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு இளநீர். நாலாம் நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அத்தை, கையைக் கொடுங்க."

"என்னம்மா, டாக்டரம்மாவாட்டம்? வயித்தால போனா தளர்ச்சி இருக்கத்தானே செய்யும்!"

எண்ணினேன். 38. மறுபடியும் எண்ணினேன். 38-தான். உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி.யில் நடுக் கணுதான் வேலை செய்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏகமாக ஏறியிருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பில் தண்ணீர் வற்றியதால் சிறுநீரகம் சோர்ந்திருக்கிறது. அதனால் மாத்திரையின் சத்து வெளியேறாமல் சேர்ந்திருக்கிறது. பொட்டாசியமும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் கூடி முதல் ஆளைத் தூங்க வைத்துவிட்டன. இளநீரில் பொட்டாசியம் அதிகம், மற்றவர்களுக்கு அது அமிர்தம், இந்த நிலைமையில் அது கூடாது.

டிரிப் ஏற்றினார்கள். கால்சியம் ஊசி போட்டார்கள். பொட்டாசியத்தை இறக்க குளுக்கோசும் இன்சுலினும் கொடுத்தார்கள். அடினலாலை நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் மாலை நாடி 66. பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. "இளநீர் குடிச்சுக்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தவ நானாத்தான் இருப்பேன்" என்று நர்சுகளிடம் சொல்லிச் சிரித்தார் அத்தை.

ஆகவே சகோதரிகளே, பி.பி., இதய மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு வாந்தி, பேதி வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள்: "எந்த மாத்திரையை நிறுத்தி வைக்கட்டும்? எதைக் கொடுக்கட்டும்?" நாமாக நிறுத்தவும் கூடாது. அடினலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியும் படபடப்பும் வரக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீரோ, சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்போ சேர்க்க வேண்டாம். அந்த உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது.

வேறு என்ன காரணங்கள்?

வெராபமில், டில்டியாசம், டிஜாக்சின் போன்ற இதய மருந்துகள் நாடியைக் குறைக்கும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்துகூட சிலருக்குக் குறைக்கும். கண் டாக்டரிடம் இதய மாத்திரையையும், இதய டாக்டரிடம் கண் மருந்தையும் நாம்தான் காட்ட வேண்டும். தைராய்டு குறைவு ஒரு காரணம். நம் பெண்களுக்கு அது அதிகம். மாரடைப்பு, முக்கியமாக இதயத்தின் அடிப்புறத்தில் வருவது, நாடியை மெதுவாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக வயசு. கணுவும் கம்பிகளும் வருஷக்கணக்கில் உழைத்துத் தேய்ந்து போகின்றன.

சின்ன வயசில் முடக்குக் காய்ச்சல் வந்து, வால்வு கெட்டு, டிஜாக்சின் சாப்பிடும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு நாடி எப்போதும் தாறுமாறாகத்தான் ஓடும். ஒருநாள் அது திடீரென்று மெதுவாகவும் கடிகாரம் மாதிரி ஒழுங்காகவும் ஆகிவிட்டால், 'சரியாகிவிட்டது' என்று சந்தோஷப்படாதீர்கள். மருந்து மிஞ்சிப் போய், கீழிருக்கும் மாற்று ஆள் வந்திருக்கலாம். அதோடு குமட்டல், வாந்தி, பார்வையில் மஞ்சள் தட்டுவது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

வீட்டு வாசலில் இருக்கும் இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் அரளியின் விதையிலும், மற்ற அரளிகளின் எல்லாப் பாகங்களிலும் டிஜாக்சினைப் போன்ற விஷம் இருக்கிறது. நம் ஊர்களிலும் இலங்கையின் வட பகுதியிலும் இதனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பலர். குழந்தை காயைக் கடித்துவிட்டால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாடி தடுமாறுவது பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால் ஈ.சி.ஜி.யில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தச் செடி வேண்டாமே!

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

வயிற்றில் இருக்கும் சிசுவின் இதயம் நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும். தாய்க்கு லூபஸ் போன்ற நோய் இருந்தால், அவள் ரத்தத்தில் 'ஆன்ட்டி ரோ' என்ற பொருள் இருக்கக்கூடும். அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சிசுவின் நடுக் கணுவைக் கெடுக்கலாம். அப்போது துடிப்பு 50, 60 என்று இறங்கிவிடும். அந்தப் பொருள் உள்ள தாய்மார்களில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இப்படி ஆகிறது, அதனால் பயம் வேண்டாம். ஆனால் லூபஸ் உள்ளவர்கள் கருத்தரித்ததுமே டாக்டரிடம் சொல்லிவிட்டால், ஏறக்குறைய நாலாம் மாதத்திலிருந்து ஸ்கேனில் சிசுவின் துடிப்பைக் கவனித்து வருவார்கள்.

வலிப்பு என்று சொன்னார்கள்

எங்கள் மாடி வீட்டு மாமா, அறுபத்தாறு வயசு, நின்றபடியே விழுந்துவிடுவார். முகம் வெளுத்து, கை கால் இரண்டு உதறு உதறும். அரை நிமிஷத்தில் முகம் சிவந்து எழுந்து, "எனக்கு ஒண்ணுமில்லே" என்பார். வலிப்பு என்று மாத்திரை கொடுத்து ஐந்து மாதம் ஓடியது. விழுவது நிற்கவில்லை. கடைசியில் ஒரு தடவை விழுந்தபோது மாமி கையைப் பிடித்துப் பார்த்தார். நாடியே இல்லை, பிறகு மெல்ல வந்தது. அதை ஞாபகமாக டாக்டரிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் நோய் பிடிபட்டது. மேலிருந்து உத்தரவு இறங்கும் வழி முழுவதுமாக அடைபட்டு, கீழ் அறை 30 தடவை துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் நடுநடுவே தூங்கிவிடும்போது மாமா விழுந்திருக்கிறார். வலிப்பு வந்தவர்கள் எழுந்த பிறகும் வெகுநேரம் குழம்பிக் கிடப்பார்கள். இதயத்தால் விழுந்தவர்கள் பெரும்பாலும் சட்டென்று தெளிந்துவிடுவார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

மாமாவுக்குப் பேஸ்மேக்கர் என்றார்கள். வீட்டில் ஒரே போராட்டம். "மெஷின் வெச்சா கடைசி காலத்துல உயிர் போகாம இழுத்துக்கிட்டுக் கிடக்கணுமாமே?" என்று மாமியின் நாத்தனார் கிளப்பிவிட்டார். அது வெறும் பயம். பேஸ்மேக்கர் ஒரு சின்ன உத்தரவு கொடுக்கும், அவ்வளவுதான். ஆயுசு முடியும்போது இதயத் தசை அந்த உத்தரவைக் கேட்காது. அது யாரையும் பிடித்து வைப்பதில்லை.

ஒரு மனைவியின் பிடிவாதம்

அந்த மாமிக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்வீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு இதே அடைப்பு. ஒரு நாளில் இருபது, முப்பது தடவைகூட நினைவு தப்பும். உடம்புக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை அதுவரை எந்த மனிதருக்கும் வைத்ததில்லை. அவர் மனைவி எல்ஸ் மரீ, சர்ஜன் ஓக்கே சென்னிங்கிடமும் என்ஜினீயர் ரூனே எல்ம்க்விஸ்ட்டிடமும் மாறி மாறிப் போய், "செய்தே ஆக வேண்டும்" என்று விடாமல் நின்றார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்து ஒரு கருவி செய்தார்கள். 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் அதை வைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. உடனே இன்னொன்றை வைத்தார்கள். வாழ்நாள் முழுவதும் மாற்றி மாற்றி 26 கருவிகள்! லார்சன் 2001 வரை, 86 வயசு வரை வாழ்ந்தார். தமக்கு ஆபரேஷன் செய்த சர்ஜனும், கருவி செய்த என்ஜினீயரும் போன பிறகும் அவர் இருந்தார்.

இன்றைக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. இடத்தை மரத்துப்போகச் செய்து, தோள் எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்ன கருவி, ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்கு மெல்லிய கம்பி. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. அவசரத்துக்கு அட்ரோபின் ஊசியும், தற்காலிகப் பேஸ்மேக்கரும் உண்டு. செலவுக்கு அரசு காப்பீட்டு அட்டை செல்லுமா என்று ஆஸ்பத்திரியிலேயே முதலில் கேட்டுவிடுங்கள்.

வைத்த பிறகு

நாலிலிருந்து ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. கொடியில் துணி போடுவது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது வேறு யாராவது செய்யட்டும். பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், டி.வி. எல்லாம் தாராளமாக உபயோகிக்கலாம். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நில்லுங்கள். செல்போனை ரவிக்கைக்குள் செருகும் பழக்கம் கூடவே கூடாது. கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும், மறுபக்கக் காதில் பேசுங்கள். கருவியின் அட்டை எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும் முன் அதைக் காட்டுங்கள். பல வருஷங்களுக்குப் பிறகு பேட்டரி தீரும் என்பதால் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போக வேண்டும். சொல்லச் சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்: அவர் காலமானால், தகனத்துக்கு முன்னால் கருவியை எடுத்துவிட வேண்டும். பேட்டரி வெடிக்கும்.

கண்ணெதிரே ஒருவர் மயங்கி விழுந்தால், கையில் இரும்புச் சாவி கொடுப்பதோ, வாயில் காபி ஊற்றுவதோ வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நாடியைப் பாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அசைவும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், நாடியைத் தேடிக்கொண்டிராமல் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் உள்ளே போகும்படி, ஆள் வரும்வரை அழுத்துங்கள்.

இன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும், வீட்டில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து எண்ணிப் பாருங்கள். குழந்தைகளுக்கு விளையாட்டாக இருக்கும். பெரியவர்களுக்கு, நம்மைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்ற நிம்மதி. எல்லோரையும் எண்ணி முடித்த பிறகு, சகோதரிகளே, உங்கள் கையையும் ஒருவரிடம் நீட்டுங்கள். அதைத்தான் நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம்.

அடுத்த இதழில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வரும் வயிற்று வலியைப் பற்றிப் பார்ப்போம்.